பிரிக்கும் விலையை யார் கொடுப்பது? எங்கள் ஆய்வுகூடத்துக்கு எந்தப் படியெடுப்பு முறை

தைப்பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்த பழைய மாணவர்கள் சிலர் பாடசாலையின் உயிரியல் ஆய்வுகூடத்தைப் பார்த்துவிட்டு, டி.என்.ஏ.யைப் படியெடுக்கும் கருவி ஒன்றை வாங்கித் தருவதாகச் சொல்லிச் சென்றார்கள். எது வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. கொரோனாக் காலத்துக்குப் பிறகு பி.சி.ஆர் என்ற பெயரை அறியாதவர் யாழ்ப்பாணத்தில் இல்லை. உயர்தர உயிரியல் பாடத்திட்டத்திலும் அது இடம்பெற்றிருக்கிறது. பி.சி.ஆர் இயந்திரம் என்று ஒரே வரியில் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்த வாரத்தில் பின்வாங்கில் இருந்த ஒரு மாணவி கேட்ட கேள்வி என்னை நிறுத்திவிட்டது. பி.சி.ஆர் என்பது கலத்துக்குள் நடப்பதையே குழாய்க்குள் செய்து காட்டும் முறை என்று நான் பல வருடங்களாகச் சொல்லி வந்திருக்கிறேன். அன்றும் அதையே சொன்னேன். அவள் எழுந்து, "சேர், அப்ப எங்கட உடம்புக்குள்ள 95 பாகை எங்க வருது?" என்று கேட்டாள்.

அவள் கேட்டது சரியான இடத்தில். பி.சி.ஆர் குழாய் ஒவ்வொரு சுற்றிலும், டி.என்.ஏ.யின் இரண்டு இழைகளையும் பிரிப்பதற்காக 95 பாகை செல்சியசுக்குச் சூடாகி, 55 பாகையளவுக்கு ஆறி, 72க்கு ஏறுகிறது. நமது கலமோ பிறந்தது முதல் 37 பாகையிலேயே இருக்கிறது. ஒரே வெப்பநிலையில் இருக்கும் ஒரு தொகுதி, தன் சூழலின் வெப்பத்தை உறிஞ்சி அதை மட்டும் கொண்டு சுற்றுச் சுற்றாக வேலை செய்ய முடியாது என்பது வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி. சூடான இடம் ஒன்றும் குளிர்ந்த இடம் ஒன்றும் இருந்தால்தான் வெப்பத்திலிருந்து வேலை எடுக்கலாம். பி.சி.ஆர் இயந்திரம் அந்த இரண்டு இடங்களையும் மாறி மாறித் தருகிறது. கலத்துக்கு அந்த வசதி இல்லாதபடியால் அது வேறொரு கணக்கிலிருந்து செலவழிக்கிறது. அந்தக் கணக்கு எது என்பதை எந்த முறை மாணவருக்குத் தெளிவாகக் காட்டும் என்பதை வைத்தே கருவியைத் தெரிவுசெய்ய வேண்டும் என்று முடிவுசெய்தேன். விலை, மின்சாரம், குளிரூட்டல் ஆகியவற்றை அதன் பிறகு பார்க்கலாம்.

தகவலைத் தாங்கும் ஒரு மூலக்கூறைப் படியெடுப்பதில் மூன்று வேலைகள் இருக்கின்றன. மூல இழையின் ஒவ்வொரு எழுத்துக்கும் எதிரே பொருந்தும் எழுத்து வந்து அமர வேண்டும். அமர்ந்த எழுத்துகள் ஒன்றோடொன்று வலுவான பிணைப்பால் கோக்கப்பட வேண்டும். கோத்து முடிந்த படி மூல இழையை விட்டு விலக வேண்டும். முதலிரண்டும் பாடநூல்களில் விரிவாக உண்டு. மூன்றாவதுக்கு ஒரு வரிதான் கிடைக்கிறது. செலவு அதிகம் விழுவதோ அங்கேதான்.

ஏடு பெயர்த்து எழுதிய காலத்தை எண்ணிப் பாருங்கள். பழைய ஏட்டை ஒரு பக்கத்தில் வைத்து, புதிய ஓலையில் எழுத்தாணியால் எழுதும்போது, புதிய ஓலை பழைய ஓலையோடு ஒட்டிக்கொள்வதில்லை. எழுதி முடித்ததும் எடுத்துக் கட்டிவிடலாம். மூலக்கூறுகளின் உலகில் அப்படி இல்லை. எந்த ஒட்டும் தன்மை சரியான எழுத்தை இனங்காண உதவுகிறதோ, அதே ஒட்டும் தன்மையே எழுதி முடித்த படியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஒட்டுதல் வலுவாக இருந்தால் எழுத்து நன்றாகப் பொருந்தும். ஆனால் படி கழராது. ஒட்டுதலைக் குறைத்தால் படி எளிதாகக் கழரும், எழுத்துகள் பிழைக்கும்.

இதற்கு எண்களும் உண்டு. 37 பாகையில் டி.என்.ஏ.யின் இரண்டு இழைகள் சேர்ந்திருப்பதால் குறையும் கிப்ஸ் சக்தி (வேலையாக மாற்றக்கூடிய சக்தி), எதிரெதிரே பொருந்திய எழுத்துச் சோடி ஒன்றுக்குச் சராசரியாக மூலுக்கு ஏறத்தாழ 6 கிலோயூல். அதே வெப்பநிலையில் மூலக்கூறுகளின் வெப்ப ஆட்டத்தின் அளவு மூலுக்கு 2.6 கிலோயூல். ஒரு சோடி தற்செயலாகத் திறந்து மூடுவது சாதாரணம். நூறு சோடிகள் கொண்ட துண்டு முழுவதும் தானாகக் கழர வேண்டுமானால் 600 கிலோயூல் மேட்டில் ஏற வேண்டும். அது வெப்ப ஆட்டத்தின் இருநூறு மடங்குக்கும் மேல். எவ்வளவு காலம் காத்திருந்தாலும் அது நடக்காது. 1986இல் கூந்தர் ஃபொன் கிட்ரோவ்ஸ்கி, நொதியமே இல்லாமல் தன்னைத்தான் படியெடுக்கும் ஆறெழுத்து மூலக்கூறு ஒன்றை உருவாக்கிக் காட்டினார். ஆறெழுத்தே ஆனபோதும் உற்பத்தியான படி, வார்ப்புருவோடு, அதாவது மூல இழையோடு, ஒட்டிக்கொண்டு அதை அடைத்தது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருக வேண்டிய வளர்ச்சி, வார்ப்புருவின் செறிவின் வர்க்கமூலத்தோடு மட்டும் நகரும் மெதுவான வளர்ச்சியாயிற்று. உயிரின் தொடக்கத்தை ஆராய்பவர்கள் இன்றும் மோதி நிற்கும் சுவர்களில் இதுவும் ஒன்று.

இங்கே இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும். தகவல் என்ற சொல்லைக் கேட்டதும் பலர் அதற்குத்தான் முதலில் போகிறார்கள். ஒரு பிற் (ஆம் அல்லது இல்லை என்ற அளவு) தகவலை அழிப்பதற்குக் குறைந்தது இவ்வளவு வெப்பம் வெளியேற வேண்டும் என்று ரோல்ஃப் லண்டவர் 1961இல் காட்டினார். அறை வெப்பநிலையில் அது ஒரு யூலைப் பத்தின் 21ஆம் அடுக்கால் வகுத்து மூன்றால் பெருக்கிய அளவுக்குக் கொஞ்சம் குறைவு. 2012இல் அதைப் பரிசோதனையாலும் அளந்து காட்டினார்கள். சார்ள்ஸ் பெனற் இதைத் தொடர்ந்து சிந்தித்து, மிக மெதுவாகச் செய்தால் படியெடுத்தலைக் கொள்கையளவில் மிகச் சொற்பச் செலவில் நடத்தலாம் என்றார்; அவர் எடுத்த உதாரணங்களில், ஆர்.என்.ஏ.யை எழுதும் நொதியமான ஆர்.என்.ஏ. பொலிமரேசும் ஒன்று. அப்படியானால் உயிர் ஏன் இவ்வளவு செலவழிக்கிறது? விடை மீண்டும் பிரிவில்தான் இருக்கிறது. படி வார்ப்புருவோடு ஒட்டியிருக்கும்வரை, சரியான எழுத்துக்கும் பிழையான எழுத்துக்கும் இடையே சக்தி வேறுபாடு உண்டு. சமநிலையே சரியான எழுத்தை விரும்புகிறது. படி கழன்று தனியே மிதக்கத் தொடங்கிய பிறகு, சரியான வரிசைக்கும் தாறுமாறான வரிசைக்கும் சக்தியில் ஏறக்குறைய வேறுபாடு இல்லை. சமநிலையின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆகவே தனியே நிற்கும் ஒரு செம்மையான படி, சமநிலைக்கு வெளியே தள்ளி வைக்கப்பட்ட பொருள். அப்படித் தள்ளி வைப்பதற்கு வேலை செலவாகியே தீரும். 2017இல் தோமஸ் ஓல்ட்ரிஜும் பீற்றர் ரைன் ரென் வோல்டவும் இதைத் தெளிவாக வகுத்து எழுதினார்கள். நான்கு எழுத்துகளைக் கொண்ட மொழியில் பிழையே இல்லாத படி வேண்டுமானால், 37 பாகையில் எழுத்தொன்றுக்கு மூலுக்குக் குறைந்தது 3.6 கிலோயூல். கலத்தின் சக்தி நாணயமான ஏ.ரீ.பி. கலத்துக்குள் உடையும்போது கிடைப்பது மூலுக்கு ஏறத்தாழ 50 கிலோயூல். குறைந்தபட்ச விலையை உயிர் தாராளமாகத் தாண்டியே கொடுக்கிறது. மெதுவாகச் செய்ய அதற்கு நேரமில்லை.

இனி முறைகளுக்கு வருவோம்.

முதலாவது, இயந்திரமே இல்லாத பி.சி.ஆர். கரி மல்லிஸ் 1983இல் இந்த முறையை எண்ணிய தொடக்க காலத்தில் மூன்று நீர்த்தொட்டிகளும் ஒரு கடிகாரமுமே அதற்குப் போதுமாயிருந்தன. அப்போது பயன்பட்ட பொலிமரேசு (எழுத்துகளைக் கோக்கும் நொதியம்) சூட்டில் செத்துவிடும் என்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாக நொதியம் சேர்க்க வேண்டியிருந்தது. யெலோஸ்ரோன் வெந்நீர் ஊற்றிலிருந்து தோமஸ் புரொக்கும் ஹட்சன் ஃபிரீசும் பிரித்தெடுத்து 1969இல் விவரித்த ஒரு பற்றீரியாவின் நொதியம், 1980களின் பிற்பகுதியில் அந்தச் சிரமத்தைத் தீர்த்தது. அதுவே ராக் பொலிமரேசு. மூன்று பானைகளில் 94, 55, 72 பாகைத் தண்ணீர் வைத்து, வெப்பமானியைப் பார்த்தபடி குழாய்களைக் கையால் மாற்றிக்கொண்டிருந்தால் இன்றும் படி கிடைக்கும். முப்பது சுற்றுக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். குழாய்க்குள் மேலே ஒரு துளி கனிம எண்ணெய் விடாவிட்டால் நீர் ஆவியாகி மூடியில் ஒட்டிக்கொள்ளும். இந்த முறைக்கு என்னிடம் பெரிய மதிப்பு உண்டு. எந்தப் பானையில் எது நடக்கிறது என்பது மாணவரின் விரல்களுக்கே தெரிகிறது. முதல் பானையில் வெப்பம் இழைகளைப் பிரிக்கிறது. வெப்பநிலை ஏற ஏற எந்திரப்பியின் (ஒழுங்கின்மையின்) பங்கு கூடி, வெப்பவுள்ளுறையின் (பிணைப்புச் சக்தியின்) பிடியை வென்றுவிடுகிறது. இரசாயனவியல் வகுப்பில் சமன்பாடாக மட்டும் கண்ட ஒன்றை அவர்கள் பானையில் காண்கிறார்கள். ஆனால் கொதிநிலைக்கு அண்மையான தண்ணீரோடு முப்பது மாணவர்களை இரண்டு மணித்தியாலம் நிற்கவிடுவது எனக்கு அச்சமாக இருக்கிறது. ஐந்து சுற்று மட்டும் செய்து காட்டி நிறுத்தலாம். அந்த அளவில் கண்ணுக்குத் தெரியும்படி எதுவும் கிடைக்காது.

இரண்டாவது, இயந்திரம். அதைப் பற்றிக் குறைவாகச் சொன்னால் போதும். பானைகள் செய்வதையே அது பெட்டிக்குள் பிழையின்றிச் செய்கிறது. ஆய்வுக்கு அதற்கு நிகரில்லை. வகுப்பறைக்கு இரண்டு குறைகள். முதலாவது மின்சாரம். 2022 பங்குனி இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. இன்று நிலைமை அப்படி இல்லை; ஆனாலும் 22ஆம் சுற்றில் மின்சாரம் நின்றால் அன்றைய பாடம் போய்விடும். இரண்டாவது குறை எனக்குப் பெரிது. இயந்திரத்தின் மூடி மூடியதும் மாணவருக்கும் நடப்பதற்கும் இடையே தொடர்பு அறுந்துவிடுகிறது. திரையில் ஒரு கோடு ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த மாணவியின் கேள்வி எழுந்ததும் அப்படியான ஒரு விளக்கப்படத்தைப் பார்த்துத்தான்.

வெப்பக் கணக்கையும் ஒரு நாள் கரும்பலகையில் போட்டுப் பார்த்தோம். 50 மைக்கிரோலீற்றர் நீரை 60இலிருந்து 95 பாகைக்கு ஏற்ற ஏறத்தாழ 7 யூல் வேண்டும். கடைசிச் சுற்றில் அந்தக் குழாய்க்குள் ஒரு மைக்கிரோகிராம் டி.என்.ஏ. இருப்பதாக வைத்துக்கொள்வோம்; அதன் சோடிகளையெல்லாம் திறக்க உறிஞ்சப்படும் வெப்பம் ஒரு யூலின் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. மிகுதியெல்லாம் தண்ணீரைச் சூடாக்கி மீண்டும் ஆற்றுவதிலே போகிறது. இழைகளுக்குத் தேவையானதைவிட ஓர் இலட்சம் மடங்குக்கு மேல் வெப்பத்தை அவற்றைச் சுற்றியுள்ள தண்ணீருக்குக் கொடுக்கிறோம். அடுப்பில் ஒரு மிளகாயை வாட்டுவதற்கு வீட்டையே சூடாக்குவது போன்றது இது. எந்த உயிரும் இப்படிச் செலவழித்துப் பிழைக்க முடியாது என்று ஒரு மாணவன் சொன்னபோது, சொல்ல வந்ததில் பாதியை அவனே சொல்லிவிட்டான் என்று எனக்குத் தோன்றியது.

மூன்றாவது முறைக்கு லாம்ப் என்று பெயர். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் வரும் சொல் அது. நமது வீடுகளில் ஒரு காலத்தில் எரிந்த அரிக்கன் லாம்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் வகுப்பில் அந்தப் பெயரைச் சொன்னதும் பிள்ளைகளுக்கு மறக்காமல் போய்விடுகிறது. சப்பானைச் சேர்ந்த சுகுனோரி நொதோமியும் அவருடைய கூட்டாளிகளும் 2000இல் இதை வெளியிட்டார்கள். 60இலிருந்து 65 பாகைக்குள் ஒரே வெப்பநிலை. ஒரு மணித்தியாலத்துக்குள் வேலை முடியும். இதில் பயன்படும் பொலிமரேசு, எதிரே வரும் பழைய இழையைத் தள்ளிக்கொண்டே முன்னேறும் ஆற்றல் உள்ளது. நான்கு முதல் ஆறு பிரைமர்களை (படி தொடங்கும் இடத்தில் அமரும் சிறு டி.என்.ஏ. துண்டுகளை) ஒரு சூழ்ச்சியோடு வகுத்திருப்பதால், தள்ளப்பட்ட இழையின் முனை தன்மேல் தானே வளைந்து கண்ணியாகிறது. அந்தக் கண்ணியின் ஒற்றை இழைப் பகுதியில் அடுத்த பிரைமர் வந்து அமர்கிறது. சூடாக்கிப் பிரிக்க வேண்டிய தேவையே இல்லாமற் போகிறது.

அப்படியானால் பிரிக்கும் விலையை யார் கொடுக்கிறார்கள்? இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்பதற்காகவே இந்த முறையை நான் விரும்புகிறேன். பொலிமரேசு ஓர் எழுத்தைச் சேர்க்கும்போது முன்னே ஒரு பழைய சோடி திறக்கிறது. பின்னே ஒரு புதிய சோடி மூடுகிறது. சோடிகளின் கணக்கில் வரவும் செலவும் ஏறக்குறைய சமம். முன்னோக்கித் தள்ளுவது, எழுத்தோடு சேர்ந்து வந்த முப்பொசுபேற்று உடைவதுதான். எழுத்து என்று நான் சொல்லும் ஒவ்வொரு நியூக்கிளியோரைட்டும் மூன்று பொசுபேற்றுகளோடு வந்து, ஒன்றை இழையில் வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் பைரோபொசுபேற்றாக விட்டுவிடுகிறது. நமது கலத்தில் பைரோபொசுபேற்றை வேறொரு நொதியம் உடனடியாக இரண்டாக உடைத்துத் தாக்கத்தைத் திரும்பி வரவிடாமல் செய்கிறது. லாம்ப் குழாயில் அந்த நொதியம் இல்லை. அங்கே பைரோபொசுபேற்று மக்னீசியத்தோடு சேர்ந்து வெள்ளை வீழ்படிவாக இறங்கிவிடுகிறது. கரைசலை விட்டு அது போய்விடுவதால் தாக்கம் அதே திசையில் தொடர்கிறது.

இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு நண்பரின் ஆய்வுகூடத்தில் மீதியாயிருந்த நொதியம் கொஞ்சம் கிடைத்தபோது, நாலு பேரை வைத்துச் செய்து பார்த்தேன். வார்ப்புருவாக, கற்பித்தலுக்கென விற்கப்படும் லம்டா வைரசின் டி.என்.ஏ.யை எடுத்தோம், அது பற்றீரியாவை மட்டும் தாக்குவது. தேநீர் கொண்டுபோகும் பிளாஸ்கில் 67 பாகைத் தண்ணீரை ஊற்றி, ரெஜிபோம் துண்டொன்றில் துளையிட்டுக் குழாய்களைச் செருகி மிதக்கவிட்டு மூடினோம். ஐம்பது நிமிடத்தின் பின் திறந்தபோது தண்ணீர் 62 பாகையில் இருந்தது. சித்திரை வெயிலில் ஆய்வுகூடமே முப்பதைத் தாண்டியிருந்தது எங்களுக்கு உதவியாயிற்று. கறுப்புக் காகிதத்துக்கு முன்னே குழாய்களைப் பிடித்தோம். வார்ப்புரு இட்ட குழாயில் அரிசி கழுவிய தண்ணீர்போல மெல்லிய வெண்மை. குழாயைச் சரித்தால் அது புகைபோல அசைந்தது. படிகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரிந்தது, அந்தப் படிகளைக் கோப்பதற்குக் கொடுத்த விலையின் எச்சம். ஒரு தாக்கத்தின் செலவை வெறுங்கண்ணால் காட்டும் செய்முறை உயிரியலில் எனக்குத் தெரிந்து வேறில்லை. ஒரு லீற்றர் தண்ணீரை அந்த அளவுக்குச் சூடாக்க 150 கிலோயூல் போதும். மின்சாரக் கணக்கில் ஓர் அலகின் இருபத்தைந்தில் ஒரு பங்குதான்.

இந்த முறையின் குறையையும் அன்றே கண்டோம், பிழை என்னுடையது. வார்ப்புரு இடாமல் ஒப்பீட்டுக்காக வைக்கும் வெற்றுக் குழாய் தெளிவாக இருக்க வேண்டும். முதல் நாள் அது தெளிவாகத்தான் இருந்தது. உற்சாகத்தில் வெண்மை கண்ட குழாயின் மூடியை நான் அதே மேசையில் திறந்து மாணவர்களுக்குக் காட்டினேன். அடுத்த கிழமை அதே மேசையில் செய்தபோது வெற்றுக் குழாயும் வெளுத்துவிட்டது. ஒரு சின்னக் குழாய்க்குள் பல மைக்கிரோகிராம் படி உருவாகியிருக்கும். மூடியைத் திறந்தபோது தெறித்த கண்ணுக்குத் தெரியாத துளியில் எத்தனை கோடிப் படிகள் இருந்தனவோ, அவற்றில் சில போதும். மேசையைக் குளோரின் கரைசலால் துடைத்து, வேறு அறையில் வேறு குழாய்களோடு மீண்டும் செய்த பிறகே வெற்றுக் குழாய் தெளிந்தது. லாம்ப் முறையில் முடிந்த குழாயை ஒருபோதும் திறக்கக்கூடாது. பி.சி.ஆரிலும் இந்த ஆபத்து உண்டு. இங்கே படிகளின் தொகை அதிகமானபடியால் மன்னிப்புக் குறைவு. இன்னொரு குறை, பிரைமர்களை வகுப்பது கடினம். அதைப் பாடசாலையில் செய்ய முடியாது, வகுத்ததை வாங்கத்தான் வேண்டும்.

நான்காவது, உயிருக்கு மிக அண்மையான முறைகள். ஹெலிக்கேசு என்ற நொதியத்தால் இழைகளைத் திறந்து படியெடுக்கும் முறை 2004இலும், மறுசேர்க்கைப் புரதங்களால் பிரைமரை இரட்டை இழைக்குள் நுழைத்துவிடும் முறை 2006இலும் வெளிவந்தன. இரண்டாவது முறை 37இலிருந்து 42 பாகைக்குள் நடக்கிறது. குழாயை உள்ளங்கையில் பொத்திவைத்தே இளஞ்சூடு கொடுக்கலாம். இரண்டிலும் பிரிக்கும் விலையை ஏ.ரீ.பி. கொடுக்கிறது. பல ஹெலிக்கேசுகளில் ஒரு சோடியைத் திறக்க ஏறத்தாழ ஓர் ஏ.ரீ.பி. செலவாவதாக அளந்திருக்கிறார்கள். 6 கிலோயூல் வேலைக்கு 50 கிலோயூல் கொடுப்பது வீண்செலவாகத் தோன்றும். அந்த மிகுதிதான் நொதியத்தை ஒரே திசையில், வேகமாக, திரும்பாமல் நடத்துகிறது. அந்த மாணவியின் கேள்விக்கு நேரான விடை இதுவே. 95 பாகை நமது உடம்புக்குள் வருவதில்லை. அதற்குப் பதில் ஏ.ரீ.பி. வருகிறது. மறுசேர்க்கை முறையின் கலவையில் ஏ.ரீ.பி. தீர்ந்துபோகாமல் இருக்கக் கிரியேற்றின் பொசுபேற்றையும் சேர்க்கிறார்கள். நமது தசைகள் செய்வதும் அதுவே. கருத்தளவில் இதைவிடச் சிறந்த செய்முறை இல்லை. ஆனால் எல்லாம் உலர்த்திய ஒரு வெள்ளைக் குளிகைக்குள் அடங்கி வருகிறது. விலை அதிகம், விற்பவர் சிலர். மாணவர் கண்ணுக்கு மாற்றம் எதுவும் தெரியாது. படி உருவானதா என்பதை அறிய இன்னொரு கருவி வேண்டும்.

செம்மை பற்றி யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்க்கிறேன், கேட்கவும் வேண்டும். எழுத்துகள் சோடி சேரும் வலிமையில் மட்டும் தங்கியிருந்தால், சரிக்கும் பிழைக்கும் இடையிலான வேறுபாடு மூலுக்கு நாலைந்து கிலோயூலிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோயூல் வரையே. அதை வைத்துக் கணித்தால் ஐந்துக்கு ஒன்று முதல் நூற்றுச் சொச்சத்துக்கு ஒன்று வரை பிழை வரும். பொலிமரேசின் இறுக்கமான பிடி அதைப் பத்தாயிரத்தில் ஒன்று, இலட்சத்தில் ஒன்று என்ற அளவுக்குக் கொண்டுவருகிறது. அதற்கு மேலும் வேண்டுமானால் சமநிலையில் நின்று பெற முடியாது. சக்தியைச் செலவழித்து, சேர்த்த எழுத்தை மீண்டும் ஒருமுறை சோதித்து, பிழையானதை வெட்டி எறிய வேண்டும். ஜோன் ஹொப்ஃபீல்ட் 1974இலும் ஜாக் நினியோ 1975இலும் இந்தத் தத்துவத்தைத் தனித்தனியே எழுதினார்கள். சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றவர்கள் ஓர் ஏட்டை இன்னோர் ஏட்டோடு ஒப்புநோக்கிப் பாடபேதங்களைக் களைந்த உழைப்பை அறிந்தவர்களுக்கு இந்தத் தத்துவம் அந்நியமாக இராது: ஒருமுறை வாசித்து எழுதுவதில் வராத செம்மை, இரண்டாம் முறை ஒப்பிடும் உழைப்பால் வருகிறது. கலத்தில் ஒப்புநோக்கல் பிழையை நூறளவு மடங்கும், அதன் பிறகு நடக்கும் பொருந்தாச் சோடித் திருத்தம் மேலும் நூறிலிருந்து ஆயிரம் மடங்கும் குறைத்து, நூறு கோடி எழுத்துக்கு ஒரு பிழை என்ற அளவுக்கும் அதற்குக் கீழும் கொண்டுவருகின்றன. ராக் பொலிமரேசுக்கு ஒப்புநோக்கும் பகுதி இல்லை; லாம்பில் பயன்படும் நொதியத்துக்கும் இல்லை. மரபணு ஒன்றைப் பிழையின்றி எடுத்து வேறொரு கலத்தில் வைக்க விரும்புபவருக்கு இது பெருங்குறை. அவர் ஒப்புநோக்கும் நொதியத்தோடு பி.சி.ஆர் இயந்திரத்துக்கே போக வேண்டும். எங்கள் வகுப்பில் அந்தத் தேவை இல்லை. செம்மைக்கு விலை உண்டு என்பதை இந்த எண்களை வைத்தே விளக்கிவிடலாம்.

ஆகவே பழைய மாணவர்களுக்கு இயந்திரம் இப்போது வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன். கேட்டவற்றைச் சொல்கிறேன். சுழியத்துக்குக் கீழே 20 பாகையில் நிற்கும் ஒரு சிறிய பிரீசர், அதற்கு மின்சாரம் நின்றாலும் ஒரு நாள் தாங்கும் பனிப்பொதிகள். ஏனென்றால் நாங்கள் தெரிவுசெய்யும் முறைக்கு உண்மையான தடை வெப்பம் கொடுப்பதில் இல்லை, நொதியத்தைக் குளிரில் வைத்திருப்பதில் இருக்கிறது. கொழும்பிலிருந்து இரவுப் பஸ்சில் பனிக்கட்டிப் பெட்டியில் வரும் நொதியம் ஆய்வுகூடத்தில் உருகி நின்றால் எந்தக் கருவியும் உதவாது. நல்ல பிளாஸ்க் ஆறு. கண்ணாடி வெப்பமானி ஆறு. நுண் அளவில் உறிஞ்சி விடும் பிப்பெற் நான்கு, கலவை தயாரிக்க இரண்டும் வார்ப்புரு இட இரண்டும், ஒன்று மற்றதன் அறைக்குப் போகாதபடி சிவப்பும் நீலமும் ஒட்டியவை. லாம்ப் முறைக்கான நொதியமும் பிரைமர்களும் வருடத்துக்கு ஒரு தடவை. மறுசேர்க்கை முறையின் குளிகைகளில் எட்டு மட்டும், இறுதிப் பாடத்துக்கு. அன்று படியை அறிய அயலிலுள்ள ஆய்வுகூடமொன்றின் உதவியைக் கேட்கலாம்.

பானைகளை விட்டுவிடவில்லை. முதல் பாடம் அதுதான்: நான் மட்டும் அடுப்பண்டை நின்று ஐந்து சுற்றுச் செய்து காட்டுவேன், மாணவர் கடிகாரத்தையும் வெப்பமானியையும் பார்த்து, ஒவ்வொரு பானையிலும் யார் யாருக்கு விலை கொடுக்கிறார் என்பதை எழுத வேண்டும். இரண்டாம் பாடத்தில் பிளாஸ்க்கும் கறுப்புக் காகிதமும். இரண்டு வருடத்தின் பின் ஆய்வுத்திட்டம் செய்யும் மாணவர் தேவைப்படுத்தினால் இயந்திரத்தைப் பற்றி மீண்டும் பேசலாம் என்றும், அப்போது அதை மின்கலச் சேமிப்போடு சேர்த்தே வாங்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன்.

கடிதத்தை அனுப்புவதற்கு முன் அந்த மாணவியைக் கூப்பிட்டு வாசிக்கக் கொடுத்தேன். வாசித்து முடித்ததும், "சேர், ஆர்.என்.ஏ. எழுதேக்க என்ன செய்யுது? அது உடனேயே கழருது தானே?" என்று கேட்டாள். டி.என்.ஏ.யின் புதிய இழை, அடுத்த முறை படியெடுக்கும்வரை தன் மூல இழையோடு ஒட்டியே இருக்கலாம், ஆர்.என்.ஏ.யோ எழுதப்படும்போதே, பொலிமரேசுக்குள் ஒன்பது சோடி நீளமளவு மட்டும் ஒட்டியிருந்துவிட்டு, ஒரு முனையில் சேரச் சேர மறுமுனையில் உரிந்துகொண்டே போகிறது, பின்னே டி.என்.ஏ.யின் இரண்டு இழைகளும் மீண்டும் சேர்ந்துகொள்வது அந்த உரிப்புக்கு உதவுகிறது. இதைக் காட்டும் செய்முறை ஒன்றும் பட்டியலில் இல்லை. மூன்றாம் பாடத்துக்குக் கயிறும் கொழுக்கியும் கொண்டு ஒரு மாதிரியைச் செய்து வருவதாக அவளே பொறுப்பெடுத்திருக்கிறாள்.